ஒரு பருக்கை

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. எனக்கு இந்தச் சுவரோரம் வேணும். இங்கன உக்காந்தாத்தான் படியேறி வர்றவுகளுக்கு வலது கைப்பக்கம் நான் தெரிவேன். ஏன்னு பெறகு சொல்றேன்.

உன் மகனா? கண்ணு இப்படி வீங்கிக் கெடக்கு. எத்தனை நாளா? மூணு நாளா? ம். எல்லாருக்கும் அதே மூணு நாளுதான் போல.

எனக்கு ஸ்கேன் இல்ல. எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன். என் தம்பி மகளுக்கு இன்னைக்குப் பத்தரைக்கு மறு ஸ்கேன். பள்ளிக்கூடத்துல தன்ஷிகான்னு பேரு. என் நாக்குல அது நொழையாது, நான் சிட்டும்பேன். அவளைப் பாக்கத்தான் வந்தேன். யாரும் கூப்பிடல, தானாத்தான் வந்தேன். அவுக பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தேதியே தெரியும். தம்பி போனை எடுக்குறதில்ல. எடுத்தாலும், "அக்கா, வண்டியில இருக்கேன்"னு வச்சுருவான். லாரி ஓட்டுறவன் வண்டியிலதான் இருப்பான், அதுக்கு? ஏழு மாசமாவா ஒருத்தன் வண்டியை ஓரங்கட்டாம ஓட்டுறான்?

எல்லாம் இந்த ஆஸ்பத்திரி பண்ண வேலை. சத்தமாத்தான் சொல்றேன். கேக்கட்டும். கேட்டா எனக்கென்ன?

நான் யாருன்னு நினைச்ச? அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன். இருபத்தியொரு வருசம். நூத்தி இருபது பிள்ளைக. பூரணத்தம்மான்னு கேட்டுப் பாரு, அங்கன நாய்க்குட்டி கூட வழி காட்டும். தட்டுல ஒரு பிள்ளை மிச்சம் வச்சா, ஏன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த தட்டுக்குக் கரண்டி போகும். காலையில வெறும் வயித்தோட வந்த பிள்ளை எதுன்னு முகத்தைப் பாத்தே சொல்லிருவேன். அப்பேர்ப்பட்டவளைப் பாத்து ஒருத்தி சொல்றா, "இனிமே என் பிள்ளைக்கு உங்க கையால பச்சத்தண்ணி கூடக் குடுக்கக் கூடாது"ன்னு. இந்தா, இதே வராண்டாவுல. இருபது பேரு வேடிக்கை பாக்க.

யாரு சொன்னான்னு கேளு. என் தம்பி பொண்டாட்டி. ரேணுகா.

பெத்ததுதான் அவ. வளத்தது நான். அவ விடிஞ்சா மில்லுக்குப் போயிருவா, தம்பி லாரியில போயிருவான். எனக்கும் பிள்ளை குட்டி இல்ல, கட்டுனவரும் போய்ச் சேந்துட்டாரு. ஒரே வீடுதான். பல்லு விளக்கி விட்டு, சடை போட்டு, ஊட்டி விட்டு, பள்ளிக்கூடத்துக்கும் என் கூடவே கூட்டிட்டுப் போயி... எல்லாம் இந்தக் கைதான். அந்தக் கைக்குத்தான் தடை.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீயே சொல்லு, என் மேல தப்பா?

சிட்டுக்கு நாலஞ்சு நாளா மூக்கு ஒழுகிக்கிட்டிருந்துச்சு. எந்தப் பிள்ளைக்குத்தான் ஒழுகல? ஒரு புதன்கிழமை காலையில பாத்தா, இடது கண்ணு இமை சிவந்து லேசா உப்பியிருக்கு. கண்கட்டி. நான் பாக்காத கண்கட்டியா? ரேணுகா உடனே குதிக்கிறா. "மதினி, அரை நாள் லீவு போட்டு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துர்றேன்"ங்கிறா. "கண்கட்டிக்கு எவளாவது லீவு போடுவாளா, போ போ, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லி அனுப்பிட்டு, நாமக்கட்டியை உரசிப் பத்துப் போட்டேன். மறுநாள் வீக்கம் கூடிருச்சு. பழுக்குற கட்டி கூடத்தான் செய்யும்? அதையும் அவளுக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். ராத்திரி ரெண்டு வாய் ரசஞ்சோறு தின்னுட்டுப் படுத்துருச்சு.

வெள்ளிக்கிழமை விடியும்போது கண்ணு திறக்கல. உடம்பு அனலா கொதிக்குது. அப்ப நான்தான் சொன்னேன், "கெளம்புடி ஆஸ்பத்திரிக்கு"ன்னு. நான்தான் சொன்னேன், இதை எழுதி வச்சுக்க. முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஏழு மணிக்கெல்லாம் இங்கன வந்துட்டோம்.

ஒரு பொம்பளை டாக்டர். சின்னப் பொண்ணு, எனக்கொரு மக இருந்திருந்தா அவ வயசு கூட இருக்காது. சிட்டு இமையைப் பிரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்துச்சு. விரலை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டி, "பாப்பா, இதையே பாரு"ன்னுச்சு. வலது கண்ணு விரல் பின்னாடியே போகுது. இடது கண்ணு போகல தாயி. பொம்மைக் கண்ணு மாதிரி அப்படியே நிக்குது. கொஞ்சம் முன்னாடி வேற தள்ளிக்கிட்டு இருக்கு.

"இது கண்கட்டி இல்லம்மா"ன்னுச்சு அந்தப் பொண்ணு. மூக்குக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள பொந்து இருக்காம். சளி அதுக்குள்ள சீழாயிருமாம். அந்தப் பொந்துக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கிற எலும்பு அப்பளம் மாதிரி மெல்லிசாம். சீழ் அதைத் தாண்டி, கண்ணு உக்காந்திருக்கிற குழிக்குள்ள போயிருச்சான்னு வெளியில இருந்து பாத்தாத் தெரியாதாம், ஸ்கேன்ல பாத்தாத்தான் தெரியுமாம். போயிருந்தா அன்னைக்கே எடுக்கணும், இல்லன்னாப் பார்வை நரம்பை நசுக்கிரும்னு சொல்லுச்சு. இந்தா, உன் மகனுக்கும் இதையேதானே சொல்லியிருப்பாய்ங்க? ம், அதேதான்.

"கடைசியா எப்பச் சாப்பிட்டா?"ன்னு கேட்டுச்சு. ரேணுகா, ராத்திரி ரெண்டு வாய் ரசஞ்சோறுன்னா. அதுக்கு அந்தப் பொண்ணு சொல்லுது, "நல்லதாப் போச்சு, வயிறு காலியா இருக்கு. ஒன்பது மணிக்கு மயக்கம் குடுத்து ஸ்கேன் எடுத்துருவோம். அதுவரைக்கும் எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க"ன்னு.

கேட்டியா பேச்சை! பிள்ளை பட்டினி கெடக்குறது நல்லதாம்! இருபத்தியொரு வருசத்துல இப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்ல. படிச்ச வாயா அது?

சரின்னு வந்து உக்காந்தோம். இதே பெஞ்சுதான். எட்டு மணி இருக்கும், ரேணுகா என்னமோ காயிதத்துல கையெழுத்துப் போடணும்னு கீழ போயிட்டா. சிட்டு என் மடியில. ஒத்தக் கண்ணைத் திறந்து என்னைப் பாத்து, "அத்தை, பசிக்குது"ன்னுச்சு. நீ சொல்லு. அஞ்சு வயசுப் பிள்ளை, காய்ச்சல்ல கெடக்குறது, அந்தக் கண்ணால பாத்துக் கேக்குது. உன்னால முடியுமா? நூத்தி இருபது பிள்ளைக்குப் போடுற கை இது, என் சொந்த ரத்தம் பசின்னு கேக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு உக்காருமா?

தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டுக் கீழ கடைக்குப் போனேன். ஒரு பன்னு. ஒரு டம்ளர் பாலு. பிச்சுப் பிச்சு, நனைச்சு நனைச்சுக் குடுத்தேன். எத்தனை வாய் இருக்கும்? ஆறு வாய். சரி, முழுப் பன்னுதான்னு வச்சுக்கயேன். அது உள்ள போனதும் பிள்ளை முகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு பாரு! முந்தானையால வாயைத் தொடச்சு விட்டேன். "அம்மாகிட்டச் சொல்லிராத, என்ன?"ன்னேன். சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். பிள்ளைககிட்ட அப்படிப் பேசுறதுதானே.

பன்னு எப்படித் தாயி சாப்பாடாகும்? சாப்பாடுன்னா சோறு. எங்க ஊருல மத்தியானம் ஒருத்தனைப் பிடிச்சு, "சாப்பிட்டாச்சா?"ன்னு கேளு. காலையில ஆறு இட்லி தின்னவன் கூட, "இன்னும் இல்லக்கா"ன்னுதான் சொல்லுவான். அது பொய்யா? உங்க ஊருல எப்படி? அப்படித்தானே? பெறகென்ன!

ஒன்பது மணிக்கு அந்தக் கதவு திறந்துச்சு. அந்தா நிக்கிறான் பாரு நீலச் சட்டைத் தம்பி, கையில அட்டை வச்சுக்கிட்டு, அவனேதான். என்னை அடையாளம் தெரியல அவனுக்கு. எப்படித் தெரியும், தினம் ஆயிரம் பேரு. "பாப்பா சாப்பிட்டுச்சா?"ன்னான். ஒத்தக் கேள்வி. அட்டையைப் பாத்துக்கிட்டே கேக்குறான், முகத்தைப் பாத்துக் கேக்கல. ரேணுகா வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி நான் சொன்னேன், "நேத்து ராத்திரியில இருந்து ஒரு பருக்கை உள்ள போகல தம்பி"ன்னு.

இதுல பொய் எங்க இருக்கு? பருக்கைன்னா சோத்துப் பருக்கை. பன்னுல ஏது பருக்கை? சத்தியமாச் சொல்லு, ஒரு சொல்லு பொய் இருக்கா?

உள்ள கொண்டு போனாய்ங்க. கதவைச் சாத்துனாய்ங்க. அஞ்சு நிமிசம் ஆகல, உள்ள ஒரே சத்தம். தலையைத் திருப்புங்கிறான் ஒருத்தன், உறிஞ்சுங்கிறான் ஒருத்தன். ஒரு நர்சு ஓடுது, ரெண்டு நர்சு ஓடுது. நானும் ரேணுகாவும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். பெறகு மயக்க மருந்து குடுக்கிற டாக்டர் வெளிய வந்தாரு. சட்டையெல்லாம் வாந்தி. பால் வாடை. "யாரு சாப்பிடக் குடுத்தது? மூச்சுக்குழாயில போயிருந்தா பிள்ளை செத்திருக்கும், தெரியுமா?"ன்னு கத்துறாரு. ரேணுகா, "நாங்க எதுவும் குடுக்கல சார், என் பிள்ளை மேல சத்தியமா எதுவும் குடுக்கல சார்"னு அழுறா.

நான் ஒண்ணும் சொல்லல. அந்த நேரத்துல என்னத்தச் சொல்ல? ஆளாளுக்குக் கத்துறாய்ங்க, நானும் சேந்து கத்தணுமா?

உயிருக்கு ஒண்ணும் ஆகல, அந்த அங்காள ஈஸ்வரி புண்ணியம். ஆனா மயக்கம் இனிமே மூணு மணிக்குத்தான் குடுக்க முடியும்னுட்டாய்ங்க. வயிறு காலியாக ஆறு மணி நேரம் வேணுமாம். நடுவுல ஒரு தடவை மயக்கம் குடுக்காமலே துணியில சுத்திப் படுக்க வச்சுப் பாத்தாய்ங்க. வலியில இருக்கிற பிள்ளை சும்மா கெடக்குமா? உதறிருச்சு. படம் கலங்கலா வந்திருச்சு, ஒண்ணும் புரியலன்னுட்டாய்ங்க.

ஆறு மணி நேரம் தாயி. ஆறு மணி நேரத்துல நான் நூத்தி இருபது பேருக்கு ஆக்கி, பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவுத்திருவேன். இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, இத்தனை மிசினு, ஒரு பன்னு செரிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்குதாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! தங்களுக்குத் தெரியலன்னு சொல்லாம, பன்னு மேல பழியைப் போட்டாய்ங்க.

மூணு மணிக்கு எடுத்தாய்ங்க. அந்தப் பொம்பளை டாக்டர் படத்தை வெளிச்சத்துல வச்சுக் காட்டுச்சு. ரெண்டு கண்ணும் ரெண்டு கோலிக்குண்டு மாதிரி தெரியுது. வலது கண்ணு குழிக்குள்ள அதும்பாட்டுக்கு இருக்கு. இடது கண்ணை, மூக்குப் பக்கமிருந்து சாம்பல் கலர்ல ஒண்ணு பிடிச்சுத் தள்ளிக்கிட்டு நிக்குது. அதுதான் சீழாம். எனக்கே தெரிஞ்சது தாயி, எழுத்து தெரியாத எனக்கே தெரிஞ்சது. நாலரைக்கு ஆபரேசன். சீழை எடுத்துட்டாய்ங்க. கண்ணு பழையபடி உள்ள போயிருச்சு, வீக்கம் வத்திருச்சு. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, லட்சணமாத்தான் இருக்கும்.

பார்வை வரல.

வெளிச்சம் மட்டும் தெரியுதாம். விளக்குப் போட்டா, போட்டிருக்குன்னு சொல்லும். யாரு நிக்கிறான்னு சொல்லாது.

அந்த டாக்டர் பொண்ணு ரேணுகாவைக் கூப்பிட்டு, "காலையிலயே எடுத்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சுச்சு. ஆரம்பிச்சு நிறுத்திருச்சு. ஏன் நிறுத்துச்சு? ஆரம்பிச்சவ முடிக்கணுமா இல்லையா? எடுத்திருந்தா கண்ணு தெரிஞ்சிருக்கும்னு சொல்லு, இல்ல, எடுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் ராத்திரி தூங்குவேன்ல? பாதியில விட்டுட்டுப் போயிட்டா. ஏழு மாசமா அந்தப் பாதிப் பேச்சுதான் என் காதுக்குள்ள கெடந்து குடையுது. அவ நல்லாயிருப்பாளா!

பன்னு விசயம் ரேணுகாவுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா கேக்குற? சிட்டுதான் சொல்லிருச்சு. கட்டோட படுத்திருக்கும்போது, "அம்மா, அத்தை பன்னு குடுத்துச்சு, சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு"ன்னு. பிள்ளைக்குச் சூது தெரியுமா? அப்பத்தான் அவ எழுந்து இங்கன வந்தா. அழுகல, கத்தல. "மதினி, பன்னு குடுத்தது கூடப் பரவாயில்ல. என் பிள்ளை மேல நான் சத்தியம் பண்ணும்போது பக்கத்துல நின்னீங்களே"ன்னா. பெறகுதான் அந்தப் பச்சத்தண்ணிப் பேச்சு. மறு வாரம் மில்லுப் பக்கம் தனி வீடு பாத்துப் போயிட்டாய்ங்க.

கோழி மிதிச்சுக் குஞ்சு செத்துருமா தாயி? நீ சொல்லு. பாசத்துல குடுத்தேன். விசமா குடுத்தேன்? அவுக ஒழுங்காக் கேட்டிருக்கணும். சாப்பிட்டுச்சான்னு கேட்டா, நாங்க சோத்தைத்தான் நினைப்போம். எந்த ஊருல வந்து கேக்குறோம்னு தெரிய வேணாம்?

இந்தப் பையா? கருப்பட்டிப் பணியாரம். சிட்டுக்கு உசுரு. விடியக்காலம் எந்திரிச்சுச் சுட்டேன். குடுக்க விடுவாளோ என்னமோ. இந்தப் பக்கம் உக்காந்தா சிட்டு வலது கண்ணுல நான் படுவேன். பாத்தான்னா அவளே ஓடி வந்துருவா, அம்மாக்காரி என்ன பண்ணுவா? அதுக்குத்தான் இந்த இடம்.

ஐய, அழாதய்யா. வாடை பிடிச்சுட்டானா? மூக்கைப் பாரு, மூக்கு அடைச்சிருந்தும் பணியாரம் தெரியுது! ...என்னது? ஒண்ணே ஒண்ணா? பிச்சு ஒரு வாயா?

வேணாம் தாயி. மாட்டேன். என்னைப் பாக்காத, மாட்டேன்னா மாட்டேன். ஸ்கேன் முடியட்டும், பை முழுக்க உனக்கே தர்றேன்.

இந்தா வர்றான் பாரு நீலச் சட்டை. உன்னைத்தான். "தம்பி சாப்பிட்டானா?" கேட்டியா? அதே கேள்வி! ஏழு மாசம் ஆச்சு, கேள்வியை மாத்தல பாரு இவிய்ங்க.

இல்லன்னு சொல்லிட்டியா. சரி. ராத்திரியில இருந்து ஒண்ணும் குடுக்கல? நல்லது.

சட்டையில என்னம்மா அது, உன் மகன் சட்டையில? காலருக்குக் கீழ. தூளா இருக்கு. இங்க காட்டு. பிஸ்கட்டா? எப்பக் குடுத்த? பஸ்ஸுலயா? எத்தனை மணிக்கு? எட்டரைக்கா? ரெண்டா? ரெண்டே ரெண்டுதானா, இல்ல நாலா?

என்ன சொன்ன?

இன்னொரு தடவை சொல்லு. பிஸ்கட்டு எப்படிக்கா சாப்பாடாகும்னா கேக்குற? என்னையவா கேக்குற?

ஆகும். ஆகும்டி! பிஸ்கட்டும் சாப்பாடுதான். பாலும் சாப்பாடுதான். பன்னும் சாப்பாடுதான்! வாயில வச்சு முழுங்குனா எல்லாம் சாப்பாடுதான்டி! கையை விடு. விடுங்கிறேன்ல!

ஏ தம்பி! நீலச் சட்டை! நில்லு! இந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்கு. ஆமா, எட்டரைக்கு, பிஸ்கட்டு, நாலு. எழுது. அட்டையில எழுது. நான் யாரா? யாரா இருந்தா என்ன? இனிமே சாப்பிட்டானான்னு கேக்காதய்யா. பன்னு தின்னானா, பாலு குடிச்சானான்னு கேளு. பக்கத்துல ஒரு அத்தை உக்காந்திருந்தா, அவ கையில என்ன இருக்குன்னு பாரு. அவ வாயை நம்பாத.

போயிட்டான். டாக்டரைக் கேட்டுட்டு வர்றானாம். கோவமா தாயி? வையி, நல்லா வையி, வாங்கிக்கிறேன். நேரம் தள்ளிப் போனாலும் போகும், இல்ல மயக்கம் இல்லாம எடுக்க ஒரு வழி பாத்தாலும் பாப்பாய்ங்க. சொல்லிட்டா அவுகளுக்கு ஏதாச்சும் வழி தெரியும். சொல்லாம உள்ள விட்டாத்தான்...

ஏன் என் பின்னாடி பாக்குற? யாரு?

ஆத்தி. எப்ப வந்தாய்ங்க? அந்தப் படியிலயா நிக்கிறாய்ங்க? நான் கத்துனது கேட்டிருக்குமா? ரேணுகா முகத்தைப் பாரு. கேட்டிருக்கு.

நான் எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துட்டேன். இது சிட்டுக்கு இடது கைப்பக்கம். என்னைத் தெரியாது அவளுக்கு. பாரு, குரலை வச்சுத் தேடுது. தலையை முழுசாத் திருப்பித் தேடுது பாரு என் தங்கம். முன்னாடியெல்லாம் கண்ணை மட்டும் உருட்டும்.

இங்க இருக்கேன் சிட்டு! இங்கிட்டு, இங்கிட்டு. அத்தைதான். ஓடாத, விழுந்துருவ. மெதுவா வா. பையிலயா? பணியாரம்டா. கருப்பட்டி போட்டது.

இல்ல, இப்ப இல்ல. அழுதாலும் இல்ல. முதல்ல ஸ்கேன் முடியட்டும். முடிஞ்ச பெறகு உங்கம்மாகிட்டக் கேளு. உங்கம்மா குடுக்கச் சொன்னாத் தர்றேன்.